கடல்நாய்க்குக் கழுவிய மீன்

கிளடிசுக்கு அந்த வேலை கிடைத்ததே வாய் திறக்காத குணத்தால்தான்.

ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியின் தெற்கு விளிம்பில், ஏரிக்கரைக்கு இறங்கும் தெரு முடிகிற இடத்தில், பழைய படகுக் கொட்டகை ஒன்றைத் திருத்திக் காட்டு விலங்குகளுக்கு ஆஸ்பத்திரி நடத்தினார்கள். காரில் அடிபட்ட றக்கூன், கண்ணாடியில் மோதி விழுந்த குருவி, தூண்டிலை விழுங்கிய அன்னம், ஓடு வெடித்த ஆமை என்று நோயாளிகள் வந்துகொண்டே இருப்பார்கள். அங்கே துப்புரவுக்கும் தீன் தயாரிக்கவும் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, மூன்று வருடத்துக்கு முதல் கிளடிஸ் போயிருந்தாள். ஆஸ்பத்திரியின் பொறுப்பாளர் ஹெலன், நரைத்த தலைமயிரை ஆம்பிளை போல ஒட்ட வெட்டிய மனுசி. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"இங்கே நோயாளிகளுக்கு முன்னால் பேசக்கூடாது. கொஞ்சக்கூடாது, பெயர் வைக்கக்கூடாது. மனிதக் குரல் பழகிப்போன பிராணி திரும்பப் போய்ப் பிழைக்காது. எட்டு மணித்தியாலம் பேசாமல் இருக்க உன்னால் முடியுமா?"

கிளடிஸ் தலையை ஆட்டினாள். இன்னும் ஏதாவது சொல்லுவாளாக்கும் என்று ஹெலன் பார்த்துக்கொண்டிருந்தார். கிளடிஸும் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவளுடைய புருசன் கஸ்பர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"உமக்கெண்டே செய்து வைச்ச வேலையப்பா. இருவது வரியம் என்னோடை இருந்து பயிற்சி எடுத்தனீரெல்லே!"

கிளடிஸ் மீன்பிடி ஊரான பாசையூரில் பிறந்தவள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. தாய் படுக்கையில் விழுந்துவிட, கீழே இருந்த நாலு பேரையும் பார்க்க வீட்டில் ஆள் வேண்டியிருந்தது; மூத்தவள் அவள். அதற்குப் பிறகு அவள் படித்ததெல்லாம் கண்ணால் படித்ததுதான். ஆட்கள் பேசும்போது சொல்லைக் கேட்பதைவிடக் கையைப் பார்ப்பாள், காலைப் பார்ப்பாள். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அந்தப் பழக்கம் விலங்குகளிடம் போய்ச் சேர்ந்தது. காதைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு படுத்தால் றக்கூனுக்கு நோகிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அதை யாரிடமும் போய்ச் சொல்லமாட்டாள். ஆங்கிலமும் கூச்சமும் சேர்ந்து வாயைக் கட்டிப்போடும்.

ஆஸ்பத்திரியில் அவளோடு தமிழில் பேசக்கூடிய ஆள் ஒருத்திதான்: விலங்கு வைத்தியர் அனுபமா. சென்னையில் படித்து, இங்கே வந்து திரும்பவும் பரீட்சை எல்லாம் எழுதி, மிசிசாகாவிலிருந்து தினமும் கார் ஓடி வருகிறவள். வயது முப்பத்திமூன்று.

"அக்கா, நீங்க பேசறதே ரெண்டு வார்த்தை. அதுல ஒண்ணுதான் எனக்குப் புரியும்," என்பாள். "மீதி ஒண்ணுக்குச் சும்மா தலையாட்டிடுவேன்."

"நானும் அப்பிடித்தான் டொக்டர்," என்று கிளடிஸ் ஒருநாள் சொன்னபோது அனுபமா அரை மணித்தியாலம் தனக்குள் சிரித்துக்கொண்டு திரிந்தாள்.

2009 சித்திரைக் கடைசியில் அந்தக் கடல்நாய் வந்தது.

கடலில் இருக்கவேண்டிய பிராணி. செயின்ற் லோறன்ஸ் ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு, கப்பல்கள் ஏறி இறங்கும் மதகுகளையும் எப்படியோ தாண்டி, ஒன்ராறியோ ஏரிக்குள் வந்துவிட்டது. நகரத்துக்குக் கிழக்கே ஒரு படகுத்துறையில், கழுத்தை நைலோன் வலைத்துண்டு அறுத்தபடி, கல்லின்மேல் கிடந்ததாம். நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். எலும்பு தெரிய மெலிந்திருந்தது. வயிறு மட்டும் மெலியவில்லை. அனுபமா எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு, திரையில் சின்ன முள்ளந்தண்டு ஒன்றைத் தொட்டுக் காட்டினாள். உள்ளே குட்டி.

"கடல்நாயோ?" என்றான் கஸ்பர். "குலைக்குமோ?"

"இல்லை."

"கடிக்குமோ?"

"ஓம்."

"அப்ப நாய்தான்."

அது அவன் அந்த மாதத்தில் சொன்ன ஒரே பகிடி. ரொறன்ரோவில் தமிழ் வீடு எதிலும் அடுப்பு ஒழுங்காக எரியாத காலம் அது. ஊரில் சண்டை முற்றி, வன்னியில் சனம் கடற்கரை ஓரமாக ஒடுங்கிக்கொண்டே போனது. கஸ்பர் பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் வேலையை முடித்துவிட்டு, வீட்டுக்கு வராமல் நேரே யூனிவேர்சிற்றி அவெனியூவுக்குப் போய்விடுவான். அங்கே அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு முன்னால் கொடியோடும் பதாகையோடும் இருந்த சனத்தோடு தானும் தெருவில் இருப்பான். கிளடிஸின் தங்கச்சியும் புருசனும் மூன்று பிள்ளைகளும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். மாசி மாதத்துக்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை. அவர்கள் உயிரோடு முகாமில் இருக்கிற செய்தி ஆடி மாதந்தான் வந்து சேர்ந்தது. அது வேறு கதை.

கிளடிஸும் இரண்டு மூன்று நாள் தெருவில் போய் இருந்து பார்த்தாள். கத்துகிற இடத்தில் அவளுக்குக் கத்த வரவில்லை. சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடி வீட்டில் டிவியின் முன்னால் தனியே இருக்கவும் முடியவில்லை. வேலைக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் வானொலி கிடையாது. கைத்தொலைபேசியை வாசலில் ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். எட்டு மணித்தியாலத்துக்கு உலகத்தில் ஒன்றும் நடக்காது. பின்னேரம் பெட்டியிலிருந்து போனை எடுத்ததும் யாரும் அழைத்திருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்ப்பாள்.

கடல்நாய்க்கென்று கொட்டகையின் பின்பக்கத்தில் ஒரு தொட்டியைத் துப்புரவாக்கி, மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டிக் கரைத்தார்கள். தொட்டியோடு ஒட்டி ஒரு சீமெந்துத் திட்டு. மூன்று பக்கமும் பலகை அடைப்பு. ஒரு பலகையில் கண்ணளவு நீட்டுத் துவாரம். அதன் வழியே பார்த்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருதரம் அது என்ன செய்கிறது என்று கொப்பியில் எழுதவேண்டும். நூற்றுப் பதினேழு என்பது அதன் இலக்கம். அதற்கு மேல் பெயர் இல்லை.

தீன் கிளடிஸின் பொறுப்பு. ஹெரிங் மீன் பெட்டி பெட்டியாக உறைந்து வரும். பார்வைக்கு எங்கள் சூடை மீனின் பெரியண்ணன் மாதிரி இருக்கும். முதல்நாளே எடுத்துப் பெரிய தட்டத்தில் வைத்து இளக விடுவாள். விடிய ஆஸ்பத்திரிக்கு வந்ததும் உடைந்தது கிழிந்ததைக் கழித்துவிட்டு, முழு மீன்களை வாளியில் போட்டுக் கொடுப்பாள். அனுபமா மீனின் செவுளுக்குள் விற்றமின் குளிசையைச் செருகி, நீட்டுக் கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக எறிவாள். கடல்நாய் தலைப்பக்கமாகக் கவ்வி ஒரே விழுங்கு. இரண்டு கிழமையில் கழுத்துக் காயம் காய்ந்தது, எலும்பு மறைந்தது.

வைகாசி பதினாலாம் திகதி, வியாழக்கிழமை, விடியப்புறம் குட்டி பிறந்தது.

கிளடிஸ் வந்து துவாரத்தால் பார்த்தபோது திட்டின்மேல் சாம்பல் நிறத்தில் ஈரமாக ஒரு சின்ன உருளை. தாய் மூக்கை அதன் மூக்கோடு முட்டி முட்டி எடுத்துக்கொண்டிருந்தது. குட்டி வாயைத் திறந்து "மாஅ" என்றது. பிறகு தத்தித் தத்திப் போய்த் தாயின் வயிற்றைத் தேடியது, தலையைத் தேடியது, சீமெந்தைக்கூட ஒருமுறை சூப்பிப் பார்த்தது. கடைசியில் தாயே பக்கவாட்டில் புரண்டு கொடுக்க, இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. கிளடிஸ் கொப்பியில் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "பேபி. மில்க். குட்" என்று எழுதினாள். எழுதி முடித்தும் துவாரத்தை விட்டுப் போக மனம் வரவில்லை.

பிறகு தீன் அறைக்கு வந்தாள். தட்டத்தில் இளகிய ஹெரிங். குளிரில் கிடந்து கிடந்து ஒரு வெடுக்கு நாற்றம். இவ்வளவு நாளும் அந்த வெடுக்கை அவள் பொருட்படுத்தவில்லை. அது ஒரு பிராணியின் தீன். இன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளைப்பெத்த உடம்பு. பால் கொடுக்கிற தாய்க்கு எந்த மீன் ஆகும், எது பிள்ளைக்குக் கிரந்தியைக் கிளப்பும், எதை எப்படிக் கழுவவேண்டும் என்பதெல்லாம் அவள் பதின்மூன்று வயதிலேயே அறிந்த விசயங்கள். வெடுக்குப் போகாத மீனைத் தாய் தின்றால் பாலோடு பிள்ளையின் வயிற்றுக்குப் போகும். இந்த வெள்ளைக்காரச் சனத்துக்கு இது எங்கே தெரியப்போகிறது?

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த பையில் இரண்டு தேசிக்காய் இருந்தது. வெட்டிப் பிழிந்து, கல்லுப்பும் போட்டு, ஒவ்வொரு மீனாக உரஞ்சி மூன்று தண்ணீரில் அலசினாள். மீன் பளபளவென்று வந்தது. மணந்து பார்த்தாள். வெடுக்கு மருந்துக்கும் இல்லை. வாளியைக் கொண்டுபோய் வைத்தபோது, தான் பெற்ற மகளுக்கே பத்தியம் சமைத்துக் கொடுத்த மாதிரி ஒரு நிறைவு. அவளுக்கு மகள் இல்லை.

கடல்நாய் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

"பிரசவ அலுப்பு," என்றாள் அனுபமா.

வெள்ளிக்கிழமையும் சாப்பிடவில்லை. மீனை எறிந்தால் தண்ணீரில் மூழ்கி அடியில் கிடந்தது. சனிக்கிழமை ஒரு மீனை மூக்கால் தொட்டுவிட்டு, தும்மினதுபோல ஒரு சத்தம் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டது. அனுபமா இரத்தம் எடுத்துப் பார்த்தாள், கிருமி இல்லை. காய்ச்சல் இல்லை. வாய்க்குள் புண் இல்லை.

குட்டியை ஒவ்வொரு விடியலும் ஒரு துவாயில் சுற்றி நிறுப்பார்கள். பிறந்த அன்று எட்டே முக்கால் கிலோ. மறுநாள் கொஞ்சம் ஏறியது. சனிக்கிழமை ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கு இறங்கிவிட்டது. தாயின் உடம்பிலே சேமிப்பு இல்லை, தின்றால்தான் பால்.

ஞாயிறு பின்னேரம் ஹெலன் அனுபமாவையும் கிளடிஸையும் தீன் அறைக்குக் கூப்பிட்டு முடிவைச் சொன்னார். செவ்வாய்க்கிழமை காலை நிறுக்கும்போது குட்டி இன்னும் இறங்கியிருந்தால் தாயிடமிருந்து பிரித்துவிடுவது. குழாய் மூலம் மீன் அரைத்துக் கலந்த பால் கொடுத்து, கிழக்குக் கரையில் ஒரு நிலையத்துக்குத் தனியாக அனுப்புவது.

"பிரிச்சுப்போட்டுப் பிறகு சேர்க்கேலாதோ?" என்று கிளடிஸ் அனுபமாவிடம் தமிழில் கேட்டாள்.

"இல்லக்கா. ஒரு நாள் ரெண்டு நாள் வாசனை விட்டுப் போச்சுன்னா தாய் அதைத் தன்னோடதுன்னே ஒத்துக்காது."

வாசனை என்ற சொல் கிளடிசுக்குள் எங்கேயோ போய்த் தட்டியது. ஆனால் அப்போது அது என்னவென்று பிடிபடவில்லை.

அடுத்தநாள் விக்ரோறியா தினம், விடுமுறை. தொண்டர்கள் எவரும் இல்லை, ஹெலனும் இல்லை. பஸ்ஸும் அரைக்கரைவாசிதான் ஓடியது. காலையில் அதில் ஏறியபோது இரண்டு தமிழ்ப் பெண்கள் பின்னிருக்கையில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று டிவியில் சொன்னதைக் கிளடிஸும் கேட்டுவிட்டுத்தான் வந்தாள். கஸ்பர் மூன்று நாளாக வீட்டுக்கு வரவில்லை, போன் எடுத்து, "நீர் வேலைக்குப் போம். இஞ்சை வந்து என்ன செய்யப்போறீர்?" என்று மட்டும் சொன்னான்.

அனுபமா வாசலில் நின்றாள்.

"நியூஸ் பாத்தேன்கா," என்றாள். இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டு எடுத்தாள். "நீங்க வேணும்னா இன்னைக்கு வீட்டுக்கு…"

"குட்டியை நிறுத்தாச்சோ?" என்று கிளடிஸ் கேட்டாள்.

"எட்டு இருநூறு."

கிளடிஸ் போனைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அன்றைக்குத் துவாரத்தடியில் இருந்து பார்க்கும் வேலையும் அவளுக்கே வந்தது. மீனைக் கழுவி, வாளியை வைத்துவிட்டு, கதிரையைப் போட்டுக்கொண்டு கண்ணைப் பொருத்தினாள். அனுபமா எறிந்த மீன் ஒன்று தண்ணீரில் விழாமல் திட்டின் ஓரத்தில் விழுந்தது. கடல்நாய் கழுத்தை நீட்டியது. மீசை மயிர்கள் முன்னுக்குக் குத்திட்டு நின்றன. பசி, நல்ல பசி; கிளடிசுக்கு அந்தக் கழுத்தின் நீட்டத்திலேயே தெரிந்தது. மூக்குத் துவாரம் இரண்டும் விரிந்து மீனை மணந்தது. உடனே தும்மல். தலை பின்னுக்குப் போனது. திரும்பவும் வந்தது, திரும்பவும் மணந்தது, திரும்பவும் தும்மல். பிறகு அது மீனைப் பார்த்த பார்வை, இது மீன்தானா என்று கேட்கிற பார்வை.

கிளடிஸ் தன் கையை மூக்கடியில் கொண்டுவந்து மணந்து பார்த்தாள். தேசிக்காய்.

வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, இன்றைக்கு. விரலை மடித்து எண்ணினாள். கழுவத் தொடங்கிய நாளும் அது தின்னாமல் விட்ட நாளும் ஒன்று.

சொன்னால் வேலை போகும். சொல்லாமல் நாளைக்குக் கழுவாத மீனை வைத்துவிடலாம், ஒருவருக்கும் தெரியவராது. ஆனால் நாளைக்குக் காலையில் தராசு. சொல்லாமல் விட்டால் இன்றைக்கு முழுவதும் டொக்டர், இல்லாத நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டு இருப்பாள். பலகைக்கு அப்பால் குட்டி "மாஅ" என்றது. முந்தாநாள் இருந்த சத்தத்தில் பாதிகூட இல்லை.

அனுபமா தீன் அறையில் குழாயும் புனலும் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள். நாளைக்குப் பிரித்தால் தேவைப்படும் சாமான்கள்.

"டொக்டர், ஒரு விசயம்."

அனுபமா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். மூன்று வருடத்தில் கிளடிஸ் தானாக வந்து பேச்சுத் தொடங்கியது அதுதான் முதல்தரம்.

"சொல்லுங்கக்கா. உடம்பு முடியலையா?"

"எனக்கில்லை. பிழை மீனிலை."

"மீன் கெட்டுப்போச்சா?"

"இல்லை. நான் கழுவினனான்."

"கழுவினா என்ன? தண்ணியில இருக்கற மீனுதானே."

"தேசிக்காய் விட்டு." கிளடிஸ் மேலங்கிப் பைக்குள் இருந்து பாதித் தேசிக்காயை எடுத்து மேசையில் வைத்தாள். "உப்பும் போட்டு உரஞ்சி, மூண்டு தண்ணியிலை. குட்டி பிறந்த நாள் துவக்கம்."

அனுபமா அந்தப் பாதி எலுமிச்சையைப் பார்த்தாள். கிளடிஸைப் பார்த்தாள். திரும்பவும் எலுமிச்சையைப் பார்த்தாள்.

"ஏன்கா?"

"பிள்ளைப்பெத்தவள். வெடுக்கு மீனைக் குடுக்க எனக்கு மனம் கேக்கேல்லை."

அனுபமாவின் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாள் என்றுதான் கிளடிஸ் முதலில் நினைத்தாள். விலங்குகளுக்குக் கேட்காமல் வாயைப் பொத்திக்கொண்டு அவள் சிரித்தாள்; கண்ணில் தண்ணீர் வந்தது.

"நான் அஞ்சு நாளா பிளட் டெஸ்ட், யூரின் டெஸ்ட், அமெரிக்காவுல ரெண்டு ப்ரொஃபசருக்கு மெயில்! நீங்க இங்க மீன் குழம்புக்கு ரெடி பண்ணிட்டு இருந்தீங்களா? மஞ்சள் மட்டும் ஏன் விட்டீங்க?"

"எடுத்தனான்," என்றாள் கிளடிஸ் தலையைக் குனிந்துகொண்டு. "நிறம் பிடிச்சால் நீங்கள் கண்டிடுவியள் எண்டு வைச்சிட்டன்."

"அடப்பாவி அக்கா! அப்ப தெரிஞ்சே திருட்டுத்தனமா?"

"ஓம்."

அந்த ஒற்றை ஓமிலே அனுபமாவின் சிரிப்பு நின்றது. வந்து கிளடிஸின் குளிர்ந்த கையைப் பிடித்தாள்.

"வாங்க. புதுப் பெட்டி எடுப்போம்."

புதுப் பெட்டியில் நாளைக்கென்று இளகிக்கொண்டிருந்த மீன் இருந்தது. கழுவாமல் எடுத்து எறிந்தார்கள். கடல்நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு எறிந்தார்கள், ஒரு மணிக்கு எறிந்தார்கள். அது குட்டியின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தது. ஐந்து நாள் ஏமாந்த சீவன், வாளியின் சத்தம் கேட்டாலே கண்ணை மூடிக்கொண்டது.

"அப்ப எலுமிச்சை இல்லையோ காரணம்," என்றாள் அனுபமா வெளியே வந்ததும். சோர்ந்துபோய்ச் சுவரில் சாய்ந்தாள். "இல்லைன்னா லேட் ஆயிடுச்சு."

கிளடிஸ் தீன் அறைக்குப் போய்த் தட்டத்தைக் கழுவுவதற்காகத் தூக்கினாள். மீன் இளகிய தண்ணீர் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தேங்கியிருந்தது: இரத்தமும் செதிலும் குடல் கரைசலும் கலந்து, பழுப்பாக. வழக்கமாக மூச்சை அடக்கிக்கொண்டு கழுவுதொட்டிக்குள் ஊற்றிவிட்டு, இரண்டுதரம் சவர்க்காரம் போடுகிற சங்கதி அது. அவள் ஊற்றவில்லை. தட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். வெடுக்கென்று நான் கழுவிக் கழுவி ஊற்றினது இதைத்தானே என்று நினைத்தாள். சாப்பாட்டை வாய்க்காலில் விட்டுவிட்டுச் சக்கையை வாளியில் வைத்திருக்கிறேன். தட்டத்தோடு அனுபமாவிடம் வந்தாள்.

"டொக்டர், உந்த மீன் தண்ணியை அதுக்கு முன்னாலை ஊத்தினால் என்ன?"

"தொட்டியிலயா? ஃபில்டர் அடைச்சுக்கும். ஹெலன் என்னைக் கொன்னுடுவா."

"தொட்டியிலை இல்லை. திட்டிலை. அது படுத்திருக்கிற இடத்துக்குக் கிட்ட."

அனுபமா ஒரு நிமிடம் யோசித்தாள். "ஊத்துங்க," என்றாள்.

வாசல் பலகையை ஒரு சாண் திறந்து, கிளடிஸ் முழங்காலில் இருந்து, தட்டத்தைச் சரித்தாள். பழுப்புத் தண்ணீர் சீமெந்தில் மெல்ல ஓடிப் பரவியது. கழுவாத மீன் ஆறேழை அதற்குள்ளேயே வரிசையாகக் கிடத்தினாள். பலகையை மூடிக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே துவாரத்தில் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

தண்ணீர் போய்க் கடல்நாயின் முன்துடுப்பைத் தொட்டது. கண் திறந்தது. மூக்குத் துவாரம் விரிந்தது. கிளடிஸ் தும்மலை எதிர்பார்த்தாள். தும்மல் வரவில்லை. அது நாக்கை நீட்டிச் சீமெந்தை நக்கியது. வயிற்றால் தள்ளி ஒரு முழம் முன்னுக்கு வந்தது. முதல் மீனை மணந்தது, பிறகு தலைப்பக்கமாகக் கவ்வியது, மீன் காணாமல் போனது. இரண்டாவது. மூன்றாவதை மணந்துகூடப் பார்க்கவில்லை. ஏழு மீனும் முடிந்து, சீமெந்தை நக்கிக்கொண்டு அது பலகையைப் பார்த்தது. முகம் முழுக்கக் கேள்வி: எங்கே மிச்சம்?

அனுபமா கிளடிஸின் தோளில் குத்தினாள். பேசக்கூடாத இடம். கிளடிஸ் திருப்பிக் குத்தினாள்.

பின்னேரம் ஆறு மணிக்குள் அது நாலு கிலோ மீன் தின்றது. தட்டத்துத் தண்ணீர் ஒரு சொட்டு மிச்சமில்லை. கிளடிஸ் வேலை நேரம் முடிந்தும் கதிரையை விட்டு எழும்பவில்லை. வெளிச்சம் போகும் மட்டும் இருந்து, குட்டி எத்தனைதரம் தாயிடம் போகிறது என்று கொப்பியில் கோடு போட்டாள். ஐந்து கோடு. கடைசிக் கோடு நீளமானது. குட்டி அப்படியே குடித்தபடி நித்திரையாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை ஹெலன் வந்தார். முதலில் தராசு. அனுபமா குட்டியைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தாள். அது துவாய்க்குள் துள்ளித் துள்ளி, இலக்கத்தை ஓரிடத்தில் நிற்கவிடவில்லை. கிளடிஸ் கதவோரத்தில் நின்று, கழுத்தில் கிடந்த சிலுவையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். இலக்கம் நின்றது. எட்டு முந்நூற்றைம்பது.

இறங்கவில்லை. ஏறியிருந்தது. நூற்றைம்பது கிராம்.

ஹெலன் குழாயையும் புனலையும் அலுமாரிக்குள் வைக்கச் சொன்னார். "என்ன செய்தாய்?" என்று அனுபமாவைக் கேட்டார். அனுபமா வாயைத் திறக்கமுதல் கிளடிஸ் ஒரு அடி முன்னுக்கு வந்தாள். தன் ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, தேசிக்காய், உப்பு, மூன்று தண்ணீர், களவு, எல்லாவற்றையும் சொன்னாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி ஹெலன் கேட்டதில்லை. முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"இதை உன் கோப்பில் எழுதத்தான் வேண்டும்," என்றார். "நோயாளியின் உணவில் கை வைப்பது பெரிய பிழை."

"ஓம்," என்றாள் கிளடிஸ் தமிழிலேயே.

"இன்று முதல் நூற்றுப் பதினேழைப் பார்க்கும் வேலை முழுவதும் உனக்குத்தான். அதையும் எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் பார்க்கிறார்கள், உனக்குத் தெரிகிறது."

அதற்குப் பிறகு குட்டி நாளுக்கு அரைக் கிலோ, முக்கால் கிலோ என்று ஊதத் தொடங்கியது. தோல் இழுபட்டு, கழுத்து மறைந்து, ஒரு பலாப்பழம் நகருகிற மாதிரித் திட்டின்மேல் உருண்டு திரிந்தது. தாயின் முதுகில் ஏறித் தொட்டிக்குள் சறுக்கும், தாய் மூக்கால் தள்ளிக் கரையேற்றும், திரும்பவும் ஏறும். தாய் அசையாமல் படுத்திருந்து, "ஏறித் துலை" என்கிற மாதிரி ஒரு கண்ணை மட்டும் திறந்து மூடும். கிளடிஸ் எல்லாவற்றையும் எழுதினாள். தெரியாத சொல்லை அனுபமாவிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள்.

ஆனி மாதம் பத்தாம் திகதி தாய் குட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. குட்டி கிட்டப் போனால் தாய் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. பின்னாலே இறங்கினால் திட்டில் ஏறிவிட்டது. கிளடிஸ் பதறிக்கொண்டு ஓடினாள்.

"டொக்டர், உது பிள்ளையைத் தள்ளுது! நான் மீனிலை கை வைக்கேல்லை, சத்தியமா!"

"தெரியும்கா, தெரியும்," என்று அனுபமா சிரித்தாள். "இதுங்க இப்படித்தான். நாலு வாரம் பால் கொடுக்கும். அப்புறம் ஒரு நாள் போதும்னு நிறுத்திடும். அதோட அது வேலை முடிஞ்சுது."

"ஒரே நாளிலையோ?"

"ஒரே நாள்ல."

கிளடிஸ் துவாரத்தடியில் போய் இருந்தாள். பிரிக்கக்கூடாது என்று நாங்கள் பட்ட பாடென்ன, இது தானாகவே விட்டுவிடுகிறதே என்று கோபமாகத்தான் வந்தது. குட்டி இரண்டு நாள் கத்தியது. மூன்றாம் நாள் தொட்டிக்குள் மிதந்த ஒரு ஹெரிங்கை விளையாட்டாகக் கவ்வி, உதறி, தற்செயலாக விழுங்கிவிட்டது. தான் செய்தது இன்னதென்று விளங்காமல் சுற்றிச் சுற்றி நீந்தியது. பிறகு அடுத்த மீனைத் தேடத் தொடங்கியது.

ஆனிக் கடைசியில் இரண்டையும் இரண்டு பெட்டிகளில் ஏற்றி, லொறியில் கிழக்கே ஆறு கடலில் சேரும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அனுபமாவும் போனாள். பயணத்துக்கான மீனைக் கிளடிஸ்தான் அடுக்கிக் கொடுத்தாள். நாலாம் நாள் அனுபமா திரும்பி வந்தபோது கிளடிஸ் ஆமைத் தொட்டியைத் துப்புரவாக்கிக்கொண்டு நின்றாள்.

"விட்டாச்சோ?"

"விட்டாச்சுக்கா. பெட்டியைத் திறந்ததும் தாய் ஒரே பாய்ச்சல். திரும்பியே பாக்கல. குட்டி கரையில கொஞ்ச நேரம் நின்னுச்சு. அலை வந்து மூஞ்சியில அடிச்சுது. அப்புறம் அதுவும் போயிடுச்சு."

"ரெண்டும் ஒரு பக்கமோ?"

"இல்லக்கா. அது ஒரு பக்கம், இது ஒரு பக்கம்."

கிளடிஸ் கையிலிருந்த தூரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "போகேக்கை எவ்வளவு நிறை?"

"இருபத்தி நாலு கிலோ."

"இருவத்திநாலு," என்று கிளடிஸ் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். எட்டு முந்நூற்றைம்பதிலிருந்து அதுவரைக்கும் ஒவ்வொரு நாளின் நிறையும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. "பேந்தென்ன, பிழைக்க அது காணும்."

பேச்சுச் சத்தத்துக்கு ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. கிளடிஸ் வாயைப் பொத்திக்கொண்டு, அனுபமாவை வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினாள்.